மஞ்சள் துணியில் வந்த மெமரி கார்டு

கடையில் ஒரு மெஷின் மக்கர் பண்ணினால் எனக்கு முதலில் வருவது கோபம். பயம் வந்ததே இல்லை. பிரிண்டர் பேப்பரைக் கடித்துக்கொண்டு நின்றாலும் சரி, ஆல்பம் பாதியில் இருக்கும்போது லேப்டாப் அணைந்துபோனாலும் சரி, "உனக்காச்சு எனக்காச்சு, பாத்துருவோம்" என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கீரமங்கலம் கடைவீதியில் நானும் என் வீட்டுக்காரரும் போட்டோ ஸ்டுடியோ வைத்துப் பல வருஷம் ஆகிறது. அவர் வெளியே போய்ப் படம் எடுப்பார். நான் கடையில் உட்கார்ந்து ஆல்பம் செய்வேன். மெஷினோடு மல்லுக்கட்டுகிற இலாகா என்னுடையது.

அன்று பெரிய முகூர்த்தம். அவர் விடிவதற்கு முன்பே கறம்பக்குடிக் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார். ஊரில் இருக்கிற மற்ற ஸ்டுடியோக்காரர்களும் ஆளுக்கொரு மண்டபத்துக்குப் போய்விட்டதால் கடைவீதியில் எங்கள் கடை மட்டும்தான் திறந்திருந்தது. நான் ஒரு படத்திறப்பு வேலையை முடித்துவிட்டு, அதன் அழகை நானே ரசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கிராமத்தில் பூந்தோட்டம் வைத்திருந்த ஒருவர் மாரடைப்பில் இறந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. மறுநாள் காலையில் கருமாதியும் படத்திறப்பும். அவருடைய தம்பி அடையாள அட்டைப் படத்தை போனில் அனுப்பி, "கோட்டு போட்டு நல்லா பெருசா பண்ணிக் குடுங்க" என்று சொல்லியிருந்தார். நீலக் கோட்டு, சிவப்பு டை, பின்னால் மேகம். கழுத்தும் கோட்டும் சேருகிற இடத்தில் கோடு தெரியாமல் ஒட்டுவதில் என்னை அடிக்க எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது, இது சும்மா சொல்கிற பேச்சில்லை.

பதினொரு மணி இருக்கும். ஒரு ஆட்டோ வந்து வாசலை ஒட்டி நின்றது. தலையில் முக்காடு போட்ட ஒரு அம்மா இறங்கி விறுவிறுவென்று உள்ளே வந்தார். முக்காட்டை விலக்கியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இறந்துபோனவரின் மனைவி! எங்கள் பக்கத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள் பதினாறு கழியாமல் வாசல்படி தாண்டுவதில்லை. தாண்டினால் ஊர் என்ன பேசும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"என்னக்கா, நீங்க எப்பிடி..." என்று எழுந்துவிட்டேன்.

"சொல்லிக்கிறாம வந்துட்டேன் தங்கச்சி. கதவச் சாத்துங்க" என்றார்.

கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். அவர் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். கோட்டுப் படம் திரை முழுக்க இருந்தது.

"இது யாரு?"

எனக்குச் சுருக்கென்றது. "என்னக்கா இப்பிடிக் கேக்குறீங்க? ஒங்க வீட்டுக்காரர்தான்."

"மூஞ்சி அவுக மூஞ்சிதான். ஆனா இது அவுக இல்ல" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "பேங்க்ல கையெழுத்துப் போடப் போன ஆளு மாதிரி முழிக்கிறாக. நாளையிலேர்ந்து வீட்ல நான் பாக்கப்போறது இந்த ஒரு மூஞ்சியத்தான். காலம் பூரா இதப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது."

அவர் இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு மெமரி கார்டு. அதைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவர்கள் மகளுக்குச் சடங்கு செய்தபோது நாங்கள்தான் படம் எடுத்தோம். ஆல்பம் கொடுத்த அன்று அவர் புருஷன், "பென்டிரைவுல போட்டா எங்கிட்டாச்சும் போயிரும், அந்தக் கேமராவுல இருந்த சில்லையே குடுத்துருங்க" என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கிப் போனார்.

"இதுல ஒரு படம் இருக்கு" என்றார் அந்த அக்கா. "சீர் வந்தப்ப எங்கண்ணன் ஆடு கொண்டாந்தாகல்ல, வெடிச் சத்தத்துல அது கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சு. இவுக தோட்டத்துக்குள்ள வெரட்டிப் போயி அதத் தூக்கிக்கிட்டு வந்தாக. சிரிப்புன்னா அப்பிடி ஒரு சிரிப்பு. ஒங்க வீட்டுக்காரரு எடுத்துட்டு, கேமராவுக்குப் பின்னாடி ஒரு நிமிசம் எனக்குக் காட்டுனாரு. அவுகளுக்கு இந்த முன்பல்லு ஒன்னு மேல ஏறி இருக்கும். அதனால கேமராவக் கண்டா வாயத் தெறக்கவே மாட்டாக. கல்யாணப் படத்துலகூட உதட்ட இறுக்கிக்கிட்டுத்தான் நிப்பாக. போன்ல எடுக்கப் போனா மூஞ்சியத் திருப்பிக்குவாக. சிரிச்ச படம் அது ஒன்னுதான் தங்கச்சி. ஆல்பம் பூராத் தேடிப் பாத்துட்டேன். அதுல இல்ல."

ஆல்பத்தில் எப்படி இருக்கும்? அதைத் தூக்கிப் போட்டதே நான்தான். கிழிந்த சட்டை, கத்துகிற ஆடு, பின்னால் அண்டா கழுவுகிற இடம். ஒரு நொடி பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு படமா" என்று அடுத்ததற்குப் போனவள் நான். கடை ஹார்ட் டிஸ்க்கில் ஒரு வருஷத்துக்கு மேல் எதையும் வைப்பதில்லை, இடம் போதாது. அந்தப் படம் இந்த உலகத்தில் வேறு எங்கும் இல்லை. இருந்தால் இந்தக் கார்டில் இருக்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"குடுங்கக்கா, அஞ்சே நிமிசம்" என்றேன். அப்படித்தான் எனக்குப் பேச வரும்.

வெளியில் செருகும் கார்டு ரீடரைத் தேடினேன். மேசை இழுப்பறையில் இல்லை, அலமாரியில் இல்லை. கறம்பக்குடிக்குப் போன் போட்டேன். பின்னால் நாதஸ்வரம் காதைக் கிழித்தது.

"ரீடர் எங்கங்க?"

"ஏங்கிட்டதான் இருக்கு. பையில."

"கடைக்கு ஒன்னு வேணாமா? அதையும் தூக்கிக்கிட்டுப் போவீங்களா?"

"கத்தாத. லேப்டாப்லயே பக்கத்துல கார்டு சொருகுற எடம் இருக்குல்ல, அதுல போடு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா போன வாரம் ஓ.எஸ். மாத்துனதுலேர்ந்து அது வேல செய்யல. ஒங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றார்.

நல்ல மனுஷன்! அவர் காதில் விழுகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். எதிர்த்த செல்போன் கடையில் கேட்டால் போனில் போடுகிற சின்ன கார்டுக்கான ரீடர்தான் இருந்தது. இது கேமராவில் போடுகிற பெரிய கார்டு. புதுக்கோட்டையில் இருக்கிற லேபுக்கு மூன்று மணிக்குள் ஃபைல் போனால்தான் அவர்கள் பிரிண்ட் போட்டு, பிரேம் கட்டி, சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். அதற்குள் இந்தப் படம் கிடைக்காவிட்டால் மறுநாள் காலையில் கோட்டுப் படத்தைத்தான் திறக்க வேண்டும்.

சரி, உனக்காச்சு எனக்காச்சு என்று உட்கார்ந்தேன்.

லேப்டாப்புக்குள் இருக்கிற பாகங்களையெல்லாம் வரிசையாகக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. அதைத் திறந்தால் நடுவில் பேர் ஊர் தெரியாத ஒரு உருப்படி, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், அதற்குள் ஆச்சரியக்குறி. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, டிரைவர் இல்லை. டிரைவர் என்பது பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கிற பாகம் இன்னதென்று ஓ.எஸ். என்கிற மூல சாஃப்ட்வேருக்கு எடுத்துச் சொல்லி, அதை வேலை வாங்கவும் வைக்கிற சின்ன சாஃப்ட்வேர், அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் பாகம் இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஓ.எஸ். மாற்றியவர் சவுண்டு, வைஃபை எல்லாவற்றுக்கும் டிரைவர் போட்டுவிட்டு இதை மட்டும் விட்டுவிட்டார். நாங்களும் ரீடரையே பயன்படுத்தி வந்ததால் எனக்கு அது தெரியாமலே போயிருந்தது.

"ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும் இலவசம்" என்று கூப்பிடுகிற தளங்கள் வரிசை கட்டி வந்தன. அந்தப் பக்கமே நான் தலைவைத்துப் படுப்பதில்லை. ஒரு தடவை போய், கம்ப்யூட்டர் பூராவும் விளம்பரமாக வந்து, பட்டது போதும். லேப்டாப் கம்பெனியின் சொந்தப் பக்கத்துக்கே போனேன். மாடல் எண் கேட்டது. அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் சூட்டில் வெளுத்துப்போய் ஒரு எழுத்தும் தெரியவில்லை. விடுவேனா? சிஸ்டம் விவரப் பக்கத்தைத் திறந்து மாடலை எடுத்தேன். அதைப் போட்டால் கார்டு ரீடருக்கு இரண்டு டிரைவர் காட்டியது. இந்த மாடலில் இரண்டு கம்பெனிச் சில்லில் ஏதாவது ஒன்று இருக்கும், எது நம்முடையது? மஞ்சள் முக்கோணத்தின் மேல் கிளிக் பண்ணி உள்ளே போனால் அந்தப் பாகத்தின் அடையாள எண் இருக்கும். அதை அப்படியே நகலெடுத்துத் தேடினேன். இரண்டாவதுதான் நம்முடையது என்று தெரிந்தது.

டவுன்லோடு பாதியில் நின்றது. போனிலிருந்து நெட்டைக் கொடுத்தேன். அது ஊர்ந்துகொண்டிருக்கும்போதே அதே போனில் அழைப்பு வந்தது. கொழுந்தனார், அதாவது கோட்டு கேட்ட தம்பி.

"படம் ரெடியாங்க? அனுப்பிட்டீங்களா?"

"மூணு மணிக்குள்ள போயிரும்ங்க."

"வீட்ல அண்ணியக் காணோம். அதுவேற தேடிக்கிட்டு இருக்கோம்."

நான் அந்த அக்காவைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எனக்கு மறைத்துப் பேச வராது. "இங்கதான் இருக்காக. வேற படம் குடுக்க வந்துருக்காக. வேல முடிஞ்சதும் நானே கொண்டாந்து விடுறேன்" என்றேன்.

"நாளைக்கிப் பதினாற வச்சுக்கிட்டு இன்னக்கி எதுக்குங்க வெளிய..."

"நாளைக்கித் தெறக்கப்போற படத்துக்காகத்தான வந்துருக்காக? அவுக பாக்குறதுக்குத்தான படம்? போன வையிங்க, டவுன்லோடு நின்னுரும்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டிரைவர் இறங்கியது. போட்டேன். லேப்டாப்பை ஒரு தடவை அணைத்துத் திறந்தேன். மஞ்சள் முக்கோணம் போயே போச்சு. கார்டு ரீடர் தன் பேரோடு ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. "முடிஞ்சுச்சுக்கா" என்று மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு கார்டைச் செருகினேன்.

ஒன்றும் வரவில்லை.

எடுத்துத் திரும்பச் செருகினேன். ஊதிச் செருகினேன். ம்ஹூம். கார்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன், பின்பக்கம் தங்கக் கோடு மாதிரி இருக்கவேண்டிய இடம் பூராவும் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தது.

"என்னக்கா இது?"

"மக ஜாதகத்தோட சாமி மாடத்துல வச்சிருந்தேன். ஆயுத பூசைக்கு ஆயுத பூசை பொட்டு வைப்பேன்."

எனக்கு வந்ததே கோபம். "கார்டுக்குப் போயி யாராச்சும் பொட்டு வப்பாங்களா? இது என்ன அருவாளா, கடப்பாரையா? படிச்ச புள்ள வீட்ல இருக்கு, ஒரு வார்த்த கேக்கக் கூடாது? இதுக்கு ஒரு நேக்கு இருக்குல்ல? இப்பிடி அப்பி வச்சா எப்பிடிப் படிக்கும்?" புருஷனை இழந்து பதினைந்து நாள் ஆன பெண்ணிடம் பேசுகிறோம் என்கிற நினைப்பே இல்லாமல் பொரிந்து தள்ளினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியல தங்கச்சி. அவுக கேட்டு வாங்குன பொருளாச்சேன்னு பத்தரமா வச்சேன்" என்றார்.

பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தேன். சானிடைசர் நனைத்த பஞ்சால் துடைத்தேன். கோடுகள் பளிச்சென்று வந்துவிட்டன. செருகினேன். அப்போதும் ஒன்றும் வரவில்லை. கார்டு செத்துவிட்டதோ? சந்தேகம் தீர, எங்கள் கடைக் கார்டு ஒன்றை எடுத்துச் செருகினேன். அதுவும் வரவில்லை.

அப்படியென்றால் குற்றம் கார்டில் இல்லை. போன் டார்ச்சை அடித்து, லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கிற அந்தச் செருகும் இடத்துக்குள் குனிந்து பார்த்தேன். உள்ளே வெளிர்மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. ஓரத்தில் துளி சிவப்பு.

அக்காவும் எட்டிப் பார்த்தார். மெல்ல, "நீங்களும் வச்சிருக்கீங்களே தங்கச்சி" என்றார்.

ஆமாம், நானும் வைத்திருந்தேன். கடையில் இருக்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் ஆயுத பூஜை அன்று சந்தனம் குங்குமம் வைப்பது என் கை. லேப்டாப்புக்கு மேல்மூடியில் வைத்தால் கறை படியும் என்று புத்திசாலித்தனமாகப் பக்கவாட்டில் வைத்தேன். குழைத்த சந்தனம் தாராளமாக உள்ளே இறங்கிக் காய்ந்திருக்கிறது. எப்போதும் ரீடரையே பயன்படுத்தியதால் இத்தனை நாள் அது வெளியே தெரியவில்லை; அவரும் பழியை ஓ.எஸ். மேல் போட்டுவிட்டார். இவ்வளவு நேரம் நான் பேசிய பேச்சென்ன! மூக்கு உடைந்துபோய் நின்றேன்.

"கடப்பாரைன்னு நெனச்சுட்டீங்க போல" என்றார் அக்கா. சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டார். நான் அடக்கவில்லை. அவரும் அடக்க முடியாமல் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். சிரிப்பில் வந்த தண்ணீர் அதிலேயே நிற்கவில்லை. அவர் அழுது முடிக்கிற வரைக்கும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மணி ஒன்றேமுக்கால். லேப்டாப்பை அணைத்து, விசிட்டிங் கார்டை மெல்லிய பட்டையாகக் கத்தரித்து, நுனியில் பஞ்சு சுற்றி, சானிடைசரில் தொட்டு உள்ளே விட்டேன். உள்ளே ஊசிமுனை மாதிரிச் சின்னச் சின்னக் கம்பிகள் இருக்கும். ஒன்று வளைந்தாலும் கதை முடிந்தது. அவசரத்தில் நான் பட்டையைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன்.

"குடுங்க இங்கிட்டு" என்று அக்கா வாங்கிக்கொண்டார். "விடிகாலையில டார்ச்ச நெத்தியில கட்டிக்கிட்டு முல்லை அரும்பு கிள்ளுற கை இது. பூ நசுங்காது."

நான் வெளிச்சம் பிடித்தேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல விட்டு, மெல்ல எடுத்தார். பஞ்சு மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் சந்தனம் கொஞ்சம் கரைந்து வந்தது. வாசனைகூட வந்தது. எட்டுப் பஞ்சு மாற்றிய பிறகு டார்ச்சில் கம்பிகள் தெரிந்தன. பத்து நிமிஷம் காயவிட்டு, லேப்டாப்பைத் திறந்தேன். "நீங்களே சொருகுங்கக்கா" என்றேன்.

செருகினார். டொடங் என்று ஒரு சத்தம். திரையில் கார்டு வந்துவிட்டது.

ஆயிரத்துக்கு மேல் படம் இருந்தது. மேடை, சீர்த்தட்டு, பந்தி. அங்கங்கே கூட்டத்தில் அக்காவின் வீட்டுக்காரர் நின்றார், சொன்ன மாதிரியே உதட்டை இறுக்கிக்கொண்டு. அவர் வருகிற படத்திலெல்லாம் அக்கா, "நில்லுங்க" என்றார். நான் நிறுத்தினேன். பிறகு வெடிப் புகை வந்தது, கயிறு அறுந்த ஆடு வந்தது. அடுத்தடுத்து மூன்று படம். முதலாவது அசைந்திருந்தது. இரண்டாவதில் கண் மூடியிருந்தார். மூன்றாவது வந்ததும் அக்கா திரையில் கையை வைத்துவிட்டார்.

கறுத்த முகம், வியர்வை, ஏறிய முன்பல் வெளியே தெரிய வாய்கொள்ளாச் சிரிப்பு. நெஞ்சோடு அணைத்த ஆடு அவர் தாடையில் தலையை முட்டிக்கொண்டிருந்தது. இதைப் போயா தூக்கிப் போட்டேன்!

"நான்தான்க்கா இத ஆல்பத்துல வைக்காம விட்டேன்" என்று சொல்லிவிட்டேன். "என் தப்புத்தான்."

"இருந்துட்டுப் போகுது. இப்ப எடுத்துக் குடுத்துட்டீங்கல்ல" என்றார்.

மார்பு வரைக்கும் வெட்டி எடுத்தேன். பின்னால் இருந்த அண்டாக்களை மங்கலாக்கினேன். ஆட்டில் ஒரு காது மட்டும் அவர் கன்னத்தை ஒட்டி மிச்சம் நின்றது. பழக்க தோஷத்தில் என் கை வெள்ளைச் சட்டைகள் இருக்கும் ஃபோல்டருக்குப் போனது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அந்தச் சட்டையே இருக்கட்டும். பித்தான் அந்த ஆட்டால அறுந்ததுதான்."

"சரி. இந்தக் காத மட்டும் எடுத்துர்றேன். ரெண்டு நிமிச வேல, தெரியவே தெரியாது."

"வேணாம் தங்கச்சி. அது இல்லேன்னா அவுக எதுக்குச் சிரிக்கிறாகன்னு யாருக்குத் தெரியும்?"

மூன்றாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஃபைல் லேபுக்குப் போனது. கடையைப் பூட்டிவிட்டு ஒரு ஆட்டோ பிடித்து அவரைக் கொண்டுபோய் வீட்டில் விட்டேன். வாசலில் நின்ற பெண்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். நானும் அவர்களை அப்படியே பார்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் படத்திறப்புக்கு நானும் போனேன். பிரேம் சாயங்கால பஸ்ஸில் வந்து, பிரிக்காத காகிதத்தோடு நேரே மேடைக்குப் போய், வெள்ளைத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. காகிதத்தைப் பிரித்துத் துணி போட்டவர்கள் கொழுந்தனாரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. படம் மாறினாலும் கோட்டு இருக்கும் என்று நினைத்திருந்த அவர் என்னைக் கண்டதும், "கோட்டு நல்லா வந்துருக்கா?" என்று கேட்டார். "பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் திரையை விலக்கினார். கிழிந்த சட்டையும் ஏறிய பல்லும் கன்னத்தோடு ஒட்டிய ஆட்டுக் காதுமாக அவர் சிரித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் யாரோ க்ளுக்கென்று சிரித்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். கொழுந்தனார்தான்.

"அண்ணே, ஆட்டப் பிடிச்சிட்டியாண்ணே" என்றார். அவ்வளவுதான், அப்படியே தரையில் உட்கார்ந்து கதறிவிட்டார். பந்தலே அழுதது. நானும் அழுதேன். பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் அழவில்லை. அவர் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.